வெர்ஜேயின் நான்கு வீரர்கள்: ஒரு நீர்வண்ணப் படத்தின் சாட்சியம்

ஒரே தாளில் வரிசையாக நான்கு ஆட்கள். இடது ஓரத்தில் நிற்பவர் கறுப்பினத்தவர். வெள்ளை மேலங்கி, வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் சிவப்பு, தலையில் முன்பக்கம் உயர்ந்த தொப்பி, கையில் மஸ்கட் துப்பாக்கி. அடுத்தவர் பழுப்புக் கோட்டு போட்ட காலாட்படை வீரர். மூன்றாமவர் ஓரமெல்லாம் இழை தொங்கும் வேட்டைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியுமாக, ரைஃபிளும் சிறு கோடரியும் வைத்திருக்கிறார். வலது ஓரத்து ஆளுக்கு நீலக் கோட்டு. அவர் கையில் இருப்பது புகையும் திரி சுற்றிய கோல்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் கறுப்பின வீரர்கள் என்று யார் எழுத உட்கார்ந்தாலும் இந்தப் படம் கூடவே வந்துவிடுகிறது. பாடநூல், அருங்காட்சியகப் பலகை, கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் வரும் இணையப் பதிவுகள் என்று எல்லா இடத்திலும் பார்க்கலாம். போர் நடந்த காலத்திலேயே கறுப்பின வீரரைச் சீருடையில் காட்டிய படங்கள் மிகக் குறைவு என்பதால் இதற்கு இந்த மவுசு. அடியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'யார்க்டவுன் முற்றுகையில் 1ஆம் ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட் வீரர், நியூ இங்கிலாந்து குடிப்படை வீரர், எல்லைப்புற ரைஃபிள்காரர், பிரெஞ்சு அதிகாரி'. யார்க்டவுன் என்பது 1781இல் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் ஆங்கிலேயப் படை சரணடைந்த வர்ஜீனிய ஊர். இந்த வரியில் எவ்வளவு படத்திலிருந்து வந்தது, எவ்வளவு வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

வரைந்தவர்

ழான் பாப்டிஸ்ட் அந்த்வான் த வெர்ஜே, 1762இல் தெலெமோனில் பிறந்தவர். இன்றைக்கு அது சுவிட்சர்லாந்து. அன்றைக்கு பாசல் ஆயரின் ஆட்சிப் பகுதி. பிரெஞ்சு மன்னரின் சம்பளத்தில் இருந்த ரோயால் தெ-போன் ரெஜிமெண்டில் சேர்ந்து அமெரிக்கா போனார். பெயர்தான் பிரெஞ்சு, ஆட்கள் பெரும்பாலும் ஜெர்மன் பேசுபவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தெ-போன் என்று சொன்ன ஊர் இன்றைய ஜெர்மனியிலுள்ள ஸ்வைப்ரூக்கன். 1780 ஜூலையில், அமெரிக்கர்களுக்குத் துணையாகப் பிரான்ஸ் அனுப்பிய தளபதி ரோஷாம்போவுடன் சுமார் 5,500 பேர் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்தில் இறங்கினார்கள். வெர்ஜேக்கு அப்போது பதினெட்டு வயதுக்குப் பக்கம்.

ரோஷாம்போவின் படையில் பேனாவும் தூரிகையும் பிடித்தவர்கள் நிறைய. பின்னாளில் நெப்போலியனின் தலைமைப் பணியாளராக இருந்த அலெக்சாந்தர் பெர்த்தியே அந்தப் படையில் இளம் அதிகாரி. 1781இல் நடந்துபோன வழியையும் தங்கிய முகாம்களையும் அவர் வரைபடமாக்கிய அழகை இன்றும் வியந்து பார்க்கிறார்கள். நிலத்தையும் அரணையும் வரையத் தெரிந்திருப்பது அந்தக் கால அதிகாரிக்கு வேலையின் ஒரு பகுதி. வெர்ஜே எழுதியது நாட்குறிப்பு. நான்கு வீரர்கள் நிற்கும் படம் அந்த நாட்குறிப்பில் உள்ளது. தனியாகச் சட்டமிட்டு மாட்ட வரைந்த ஓவியம் என்று நினைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தவறிப்போகும்.

காப்பக விவரப்படி படத்தின் காலம் 1781க்கும் 1784க்கும் இடைப்பட்டது. முற்றுகையோ 1781 அக்டோபரில் முடிந்துவிட்டது. நாட்குறிப்பைப் பிற்பாடு திருத்தி எழுதுவதும், அவசரக் கோட்டுப்படங்களை ஓய்வில் நிறம் தீட்டி முடிப்பதும் அன்று சகஜம். ஆகவே 'குண்டு பறந்துகொண்டிருந்தபோது வரைந்தது' என்ற தொனியில் எழுதுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. படத்தில் பதுங்குகுழி இல்லை, புகை மண்டலம் இல்லை, நால்வரும் எதையும் செய்யவில்லை. இது உடைப் பட்டியல் வகைப் படம். புது நாட்டுக்குப் போன ஐரோப்பியர் 'இங்குள்ளவர்கள் இப்படி உடுத்துகிறார்கள்' என்று ஊருக்குக் காட்ட வரைவது. நம் பக்கத்திலும் இதற்கு உறவுக்கார வகை உண்டு: தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காகச் சிப்பாயையும் அவன் மனைவியையும் சேர்த்து நிறுத்தி வரைந்த படங்கள். அங்கே உள்ளூர்க்காரர் வெளிநாட்டவருக்கு வரைந்து கொடுத்தார்; வெர்ஜே விஷயத்தில் வெளிநாட்டவர் தனக்காகவே வரைந்துகொண்டார்.

யார் இந்த நால்வர்?

வலது ஓரத்திலிருந்து தொடங்கினால் சிக்கல் உடனே தெரியும். 'பிரெஞ்சு அதிகாரி' என்று பல இடங்களில் போடுகிறார்கள். ஆனால் அவர் கையில் இருப்பது பீரங்கிக்குத் தீ வைக்கும் கோல். நீலக் கோட்டும் சிவப்பு மடிப்பும் அமெரிக்கப் பீரங்கிப் படையின் உடை. பீரங்கி வெடிக்க வைக்கும் ஆள் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி ஏன் நிற்க வேண்டும்? அதுவும் மற்ற மூன்று அமெரிக்கர்களின் வரிசையில்? அவர் அமெரிக்கப் பீரங்கி வீரர் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. அதேபோல் இரண்டாமவரைக் குடிப்படைக்காரர் என்று விடாமல், அமெரிக்கர் பக்கம் நின்ற மோசஸ் ஹேசனின் 2ஆம் கனடிய ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் என்று கோட்டின் நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். அந்தப் படையின் உடை பழுப்பு. அவர்கள் யார்க்டவுனில் இருந்ததும் உண்மை. ஊரிலிருந்து அவசரத்துக்கு வந்த குடிப்படைக்காரருக்கு இவ்வளவு ஒழுங்கான சீருடை கிடைத்திருக்காது.

ரைஃபிள்காரரைப் பற்றிச் சண்டை இல்லை. ஐரோப்பியர் கண்ணுக்கு அந்த வேட்டைச் சட்டைதான் அமெரிக்காவின் அடையாளம்.

இடது ஓரத்தவரிடம் வருவோம். ரோட் ஐலண்ட் வீரர்களின் தொப்பி தனித்துத் தெரியும்: முன்பக்கம் உயர்ந்து, நங்கூரச் சின்னத்தோடு இருக்கும். நங்கூரம் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தக் குடியேற்றத்தின் முத்திரை. தொப்பியின் வடிவம், அந்த மாநிலத்துப் படையில் கறுப்பினத்தவர் அதிகம் இருந்த செய்தி, இரண்டையும் சேர்த்தால் அவர் ரோட் ஐலண்ட்காரர் என்பதில் பெரிய சந்தேகம் வராது. இடிப்பது அந்த '1ஆம்' என்ற எண்தான். 1781 ஜனவரி 1 அன்றே ரோட் ஐலண்டின் 1ஆம், 2ஆம் ரெஜிமெண்டுகளை ஒன்றாக்கிவிட்டார்கள். யார்க்டவுனுக்குப் போனது வெறும் 'ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட்'. எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தக் கதையில் நிறைய இருக்கிறது.

120 பவுண்டு

1775 நவம்பரில் வாஷிங்டனின் தலைமையகம் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அதே மாதம் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தப்பி வந்து மன்னருக்காக ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று அறிவித்துவிட்டார். வருடம் முடிவதற்குள் வாஷிங்டன் பாதி இறங்கி வந்தார்: ஏற்கெனவே படையில் இருந்த சுதந்திரக் கறுப்பினத்தவர் மறுபடி சேரலாம். அடிமைகளைப் பற்றிப் பேச்சில்லை.

ரோட் ஐலண்ட் சின்ன இடம். 1774 கணக்கெடுப்பில் மொத்தம் 60,000 பேர் அளவில்தான். அதில் சுமார் 6 சதவீதம் கறுப்பினத்தவர், நியூ இங்கிலாந்திலேயே அதிகம். நியூபோர்ட், பிரிஸ்டல் வணிகர்கள் ரம் ஏற்றி ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல் விட்டு, மனிதர்களை வாங்கி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றவர்கள். 1776 டிசம்பரில் ஆங்கிலேயர் நியூபோர்ட்டைப் பிடித்துக்கொண்டதும் மாநிலத்தின் பாதி மூச்சு நின்றது. படைக்கு ஆள் கேட்டால் ஆள் இல்லை.

1778 ஜனவரி 2 அன்று, வேலி ஃபோர்ஜ் குளிர்கால முகாமிலிருந்து ஜெனரல் ஜேம்ஸ் மிட்செல் வார்னம் வாஷிங்டனுக்கு ஒரு யோசனை எழுதினார். மெலிந்துபோன இரண்டு ரோட் ஐலண்ட் ரெஜிமெண்டுகளின் ஆட்களை ஒன்றில் போட்டுவிட்டு, மற்றதன் அதிகாரிகளை ஊருக்கு அனுப்பிக் கறுப்பினத்தவரைத் திரட்டலாம். வாஷிங்டன் அதைத் தன் கருத்து எதுவும் சேர்க்காமல் ஆளுநர் நிக்கோலஸ் குக்குக்கு அனுப்பிவைத்தார். பதவியில் இருப்பவர்கள் கை நனையாமல் கோப்பை நகர்த்தும் கலை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பிப்ரவரி 14 அன்று சட்டசபை தீர்மானம் போட்டது. உடல் தகுதியுள்ள கறுப்பின, கலப்பின, பூர்வகுடி ஆண் அடிமை எவரும் போர் முடியும்வரை சேரலாம். கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் முன்னால் தகுதிச் சோதனையில் தேறிய உடனே அவர் முழுச் சுதந்திர மனிதர். உரிமையாளருக்கு ஓர் ஆளுக்கு அதிகபட்சம் 120 பவுண்டு இழப்பீடு. உறுப்பினர்களில் ஆறு பேர் எழுத்தில் எதிர்ப்புப் பதிவு செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது: சுதந்திரத்துக்காகப் போராடும் மாநிலம் அடிமைகளை விலைக்கு வாங்கிச் சண்டைக்கு அனுப்புகிறது என்று உலகம் நினைக்கும், எதிரி நம்மைக் கேலி செய்வான். முரண்பாடு அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. அவர்கள் கண்ட தீர்வு ஆளைச் சேர்க்காமல் விடுவது.

முன்னூறு பேர் வரை கிடைப்பார்கள் என்று ஆளுநர் குக் எதிர்பார்த்தார். அவ்வளவு பேர் வரவில்லை. உரிமையாளர்கள் கெடுபிடி செய்தார்கள், செலவு எகிறியது, ஜூனோடு அடிமைகளைச் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிச் சட்டசபை கதவைச் சாத்தியது. அந்த ரெஜிமெண்டில் மொத்தம் சுமார் 225 பேர் இருந்ததாகவும், அதில் 140 பேர் அளவில் கறுப்பினத்தவர் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். அவர்களோடு நாரகன்செட் போன்ற பூர்வகுடியினரும் உண்டு. 'கறுப்பு ரெஜிமெண்ட்' என்று சுருக்கும்போது காணாமல்போவது அவர்கள்தான்.

1778 ஆகஸ்ட் 29 அன்று ரோட் ஐலண்ட் சண்டையில் இவர்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஹெஸ்ஸிய (ஜெர்மன்) கூலிப்படையின் தாக்குதல்களைத் தடுத்து நிறுத்தினார்கள். பயிற்சி என்று கிடைத்தது சில மாதங்கள்தான். 1781 மே மாதம் நியூயார்க்கில் குரோட்டன் ஆற்றங்கரையில் மன்னர் பக்கத்துக் குதிரைப்படை திடீரென்று தாக்கியபோது கர்னல் கிரீன் கொல்லப்பட்டார். அதன்பின் தலைமை ஜெரெமையா ஆல்னியிடம் போனது.

இப்போது அந்த எண்ணுக்கு வரலாம். '1ஆம் ரோட் ஐலண்ட்' என்பது 1778இல் விடுதலை கொடுத்துச் சேர்த்த படை. 1781இன் 'ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட்' வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்த இணைப்புப் படை. உள்ளே கறுப்பினத்தவரைத் தனிக் கம்பெனிகளில் வைத்தார்கள். ஒரே படையில் ஒன்றாக இருந்தார்கள் என்று மகிழ்வதற்கும், பிரித்து வைத்தார்கள் என்று வருந்துவதற்கும் இரண்டுக்கும் இங்கே இடம் உண்டு. '1ஆம்' என்று போட்டுவிட்டால் இரண்டும் மறைந்து, வீரக் கதை மட்டும் மிஞ்சும்.

இன்னொரு சாட்சி

வெர்ஜேயின் ரெஜிமெண்டைச் சேர்ந்த இன்னொருவரும் இதே ஆட்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ரோஷாம்போவின் துணை அதிகாரி லூட்விக் ஃபான் க்ளோசன். 1781 ஜூலையில் நியூயார்க் அருகே இரு படைகளும் சேர்ந்தபோது அமெரிக்கப் படையைப் பார்வையிட்டு, கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்றும், ரோட் ஐலண்ட் ரெஜிமெண்டில் முக்கால்வாசி அவர்களே என்றும், உடையிலும் ஆயுதத்திலும் அணிவகுப்பிலும் அதுவே மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்றும் குறித்தார்.

இந்த முக்கால்வாசிக் கணக்கு படைப் பட்டியல்களோடு ஒத்துப்போகவில்லை. இணைப்புக்குப் பிறகு வெள்ளையரே அதிகம். க்ளோசன் கண்ணில் பட்ட ஒரு பகுதியை முழுமைக்கும் வைத்துப் பேசியிருக்கலாம். பழக்கமில்லாத முகங்கள் எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிவதும் மனித இயல்புதான். கணக்கை ஒதுக்கிவிட்டு உடையைப் பற்றிய பாராட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெர்ஜேயின் படம் துணை நிற்கிறது. கந்தல் உடுத்திய படை என்று அமெரிக்கர்களைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் பலர் எழுதியிருக்க, வெர்ஜே வரைந்த கறுப்பின வீரர் மடிப்புக் கலையாமல் நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே ரெஜிமெண்ட், ஒரே முகாம், ஒரே சாப்பாட்டு மேசைப் பேச்சு என்பதால் இவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்ளத் தயக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் ஒருவர் எழுதினார், ஒருவர் வரைந்தார். இரண்டும் ஒரே திசையில் போகின்றன.

படம் மட்டுமே சொல்லும் ஒரு செய்தியும் இருக்கிறது. நால்வரும் ஒரே உயரம், ஒரே தரை, ஒரே கவனம். அந்தக் காலத்து ஐரோப்பியப் படங்களில் கறுப்பினத்தவர் குடை பிடிப்பவராக, குதிரையைப் பிடிப்பவராக, பிரபுவின் தோளுக்குப் பின்னால் பாதி இருட்டில் இருப்பவராக வருவார். ஜான் டிரம்புல் 1780இல் லண்டனில் வரைந்த வாஷிங்டன் படத்திலும் கறுப்பின மனிதர் தளபதிக்குப் பின்னால் குதிரையோடுதான் நிற்கிறார். வெர்ஜேயிடம் அந்த ஏற்பாடு இல்லை. சமத்துவக் கொள்கையால் இப்படி வரைந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். உடைப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே இடம் கொடுத்தால்தான் உடை தெரியும், அவ்வளவுதான். வகையின் தேவை மனிதருக்கு ஒரு மரியாதையைத் தற்செயலாகக் கொடுத்துவிட்டது.

யார்க்டவுனில்

1781 அக்டோபர் 14 இரவு, ஆங்கிலேயரின் 9ஆம், 10ஆம் மண் அரண்களை ஒரே நேரத்தில் தாக்கினார்கள். 9ஆவதைப் பிடித்த பிரெஞ்சுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் வெர்ஜேயின் ரெஜிமெண்டைச் சேர்ந்த கியோம் த தெ-போன். 10ஆவதைப் பிடித்தது அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமையில் போன அமெரிக்கர்கள். முன்னால் போனவர்களில் கேப்டன் ஸ்டீஃபன் ஆல்னியின் ரோட் ஐலண்ட் கம்பெனி இருந்தது. அமெரிக்கர்கள் துப்பாக்கியில் குண்டு போடாமல் முனை ஈட்டியை மட்டும் நம்பிப் போனார்கள். ஐந்து நாளில், 19ஆம் தேதி, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

அந்தச் சரணாகதி ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவைப் படத்தின் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும். ஆங்கிலேயப் படையிடம் இருக்கும், இந்த மாநிலங்களின் மக்களுக்குச் சொந்தமானது என்று தெரிகிற சொத்தை உரிமையாளர்கள் திரும்பக் கேட்கலாம் என்கிறது அது. சொத்து என்றால் மனிதர்களும் சேர்த்துத்தான். விடுதலையை நம்பி ஆங்கிலேயர் பின்னால் ஓடிவந்த ஆயிரக்கணக்கானோரில் பலரைப் பெரியம்மை கொன்றிருந்தது. உணவு தீர்ந்தபோது நோயாளிகளை ஆங்கிலேயரே அரணுக்கு வெளியே விரட்டியிருந்தார்கள். மிஞ்சியவர்களைத் திரட்டி உரிமையாளர்களிடம் ஒப்படைக்க வாஷிங்டன் அதே மாதம் உத்தரவிட்டார். வெள்ளை உடுப்பில் காவல் நின்ற ரோட் ஐலண்ட் வீரருக்குச் சற்றுத் தூரத்தில் இது நடந்தது. வெர்ஜேயின் நான்கு பேர் வரிசையில் இதற்கு இடமில்லை.

தோற்ற தளபதிக்கு என்ன ஆயிற்று என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் பாதி நாட்டைப் பிடுங்கினார். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய அவர் சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்ததும் நம் கடலூரில்தான். 1783 ஜூனில் அங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்த மாதத்தில், ரோட் ஐலண்ட் வீரர்களை நியூயார்க்கின் சரட்டோகாவில் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்திய பிப்ரவரியில்கூட ஆங்கிலேயர் வசமிருந்த ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்கப் பனியில் நடத்திக் கூட்டிப்போய், சண்டையே போடாமல் திரும்பி, பலர் உறைபனிக்குக் கால்விரல்களை இழந்திருந்தார்கள்.

1784இல் ரோட் ஐலண்ட் படிப்படியான விடுதலைச் சட்டம் போட்டது. அந்த ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் அது. ஆகவே படையிலிருந்து சுதந்திர மனிதராகத் திரும்பிய ஒருவரின் மனைவி, ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள், இன்னொருவர் சொத்தாகவே தொடர்ந்திருக்க முடியும். 1818 ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் உதவித்தொகை வாங்க வறுமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. விரைவிலேயே வீட்டிலுள்ள பொருட்களைப் பட்டியல் போட்டுச் சத்தியமும் செய்யச் சொன்னார்கள். அந்தப் பட்டியல்களும், 1778இல் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்த கருவூலக் கணக்குகளும்தான் இந்த ஆட்களைப் பெயரோடு காட்டுகின்றன. வெர்ஜேயின் படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை; கணக்கேட்டில் பெயரும் விலையும் உண்டு, முகம் இல்லை. இரண்டையும் இணைத்து 'இவர்தான் அவர்' என்று சொல்ல ஆசைப்படுபவர்களிடமிருந்து படத்தைக் காப்பாற்ற வேண்டும்.

நாட்குறிப்பு இன்று இருப்பது ரோட் ஐலண்டின் தலைநகர் பிராவிடன்ஸில், பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆன் எஸ். கே. பிரவுன் இராணுவத் தொகுப்பில். அந்த அம்மையார் திருமணமாகிப் போன பிரவுன் குடும்பத்தின் முன்னோர்கள் 1764இல் சாலி என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். வாங்கிய 196 பேரில் குறைந்தது 109 பேர் இறந்தார்கள். கப்பல் தலைவர் ஈசெக் ஹாப்கின்ஸ் பின்னாளில் அமெரிக்கக் கடற்படையின் முதல் தளபதி. பல்கலைக்கழகமே 2006இல் வெளியிட்ட அறிக்கையில் இதையெல்லாம் திறந்து வைத்தது. ஆக, படத்தைப் பாதுகாக்கும் அலமாரிக்கும் படத்திலுள்ள மனிதருக்கும் உறவு உண்டு.

படத்தை அச்சிடுபவர்களுக்கு என் யோசனை இது. அடிக்குறிப்பிலிருந்து '1ஆம்' என்பதையும் 'பிரெஞ்சு அதிகாரி' என்பதையும் எடுத்துவிடலாம். 'அமெரிக்கப் படையின் நான்கு வீரர்கள்: ரோட் ஐலண்ட் ரெஜிமெண்டைச் சேர்ந்த கறுப்பின வீரர், காலாட்படை வீரர், ரைஃபிள்காரர், பீரங்கி வீரர், ரோயால் தெ-போன் ரெஜிமெண்டின் வெர்ஜே தன் நாட்குறிப்பில் வரைந்தது, 1781–84' என்று போட்டால் போதும். எதிர்ப்பக்கத்தில் இடம் இருந்தால் 1778 பிப்ரவரித் தீர்மானத்தை, 120 பவுண்டு வரியோடு, முழுசாக அச்சிடலாம்.